பழைய கோயிலை இடிக்கும் முன் எங்களைக் கேளுங்கள்

பங்குத்தந்தை அவர்களுக்கும் பங்குப் பேரவை உறுப்பினர்களுக்கும்,

கடந்த ஞாயிறு இரண்டாம் பூசையின் முடிவில், திருமண ஓலை வாசித்ததற்கும் நவநாள் உபயகாரர்களின் பெயரை வாசித்ததற்கும் இடையில், நம் பழைய கோயிலை இந்த ஆண்டுத் திருவிழா முடிந்ததும் இடிக்கப்போவதாக அறிவித்தீர்கள். அந்த இடத்தில் மாடியோடு புதுக்கோயில், ரோட்டோரமாக வாடகைக்கு விடக் கடைகள், அதுவரை பூசை பள்ளிக்கூட ஹாலில். பழைய பீடம், சுரூபங்கள், மணி, மரச்சாமான்கள் எல்லாவற்றிலும் தேவையானதை வைத்துக்கொண்டு மற்றதை அப்புறப்படுத்துவோம் என்றும் வாசித்தீர்கள். அவ்வளவுதான். இறுதி ஆசீர் கொடுத்தீர்கள், பாட்டுப் பாடினோம், வெளியே வந்தோம். மாதா கெபி பக்கத்தில் நின்ற வயதான பெண்கள் ஒருவரை ஒருவர் "நெசமாவா சொன்னாங்க?" என்று கேட்டுக்கொண்டிருந்தார்கள்.

மறுநாள் பங்கு அலுவலகத்துக்கு வந்து கேட்டேன். பேரவையில் பேசி முடிவெடுத்தாகிவிட்டது, பிளானும் போட்டாகிவிட்டது என்றார்கள். எந்தக் கூட்டத்தில், யார் யார் இருந்து முடிவெடுத்தீர்கள் என்றேன், அதற்குப் பதில் வரவில்லை. அதனால்தான் பொதுவில் எழுதுகிறேன். ஊர்ப் பெயரையும் ஆட்கள் பெயரையும் எழுதவில்லை. தர்மபுரி மாவட்டத்தில் எந்தப் பங்கு என்பது உங்களுக்குத் தெரியும், அது போதும். யாரையும் ஊரறிய அவமானப்படுத்த வேண்டும் என்பது என் எண்ணம் இல்லை. கோயில் நிற்க வேண்டும்.

புதுக்கோயிலே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கிறிஸ்துமஸ் ராத்திரியும் ஈஸ்டர் ராத்திரியும் பாதி ஜனம் வெளியே பனியில் நிற்கிறது, குருத்து ஞாயிறன்று வெயிலில் கைக்குழந்தையோடு நிற்கும் பெண்களைப் பார்த்தால் பாவமாக இருக்கிறது. பெரிய இடம் தேவைதான். ஆனால் பழைய விடுதிக் கட்டிடம் இருந்த இடம் பின்னால் சும்மாதானே கிடக்கிறது? முள்செடி மண்டிக் கிடக்கும் அந்த நிலத்தை விட்டுவிட்டு, நிற்கிற கோயிலை இடித்து அதே இடத்தில்தான் கட்ட வேண்டும் என்பதற்கு நீங்கள் சொன்ன ஒரே காரணம் கட்டிடம் பலமிழந்துவிட்டது, எப்போது வேண்டுமானாலும் விழும் என்பது.

இதைச் சொன்ன எஞ்சினியர் யார்? அறிக்கை எங்கே? நான் எஞ்சினியர் இல்லை, ஆசிரியை. ஆனால் என் அப்பா கொத்தனார். இந்தக் கோயிலின் பழுது வேலைகளைப் பல காலம் அவர்தான் பார்த்தார். கருங்கல் அஸ்திவாரம், செங்கல் சுவர், சுண்ணாம்புக் காரை, மேலே தேக்குக் கைமரத்தில் மங்களூர் ஓடு. சுண்ணாம்பைக் குழியில் ஊறப்போட்டு, கடுக்காய்த் தண்ணீரும் வெல்லமும் சேர்த்து அரைத்துப் பூசுகிற வேலையை அவர் செய்ய நான் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். பிறகு ஒரு சமயம், பார்வைக்கு நன்றாக இருக்கட்டும் என்று, சுவர் முழுக்க சிமென்ட் பூசி அதன்மேல் ஆயில் பெயின்ட் அடித்தார்கள். அப்பா வேண்டாம் என்று சொன்னார். சுண்ணாம்புச் சுவர் மூச்சு விடும், அதன்மேல் சிமென்டைப் பூசுவது மூக்கைப் பொத்துகிற மாதிரி என்றார். கேட்கவில்லை. தரையிலிருந்து ஏறும் ஈரம் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே நின்றுவிட்டது. இப்போது நீங்கள் பார்க்கிற ஓதம், உப்பு பூத்தது, பூச்சு பொத்துக்கொண்டு வருவது எல்லாம் பெரும்பாலும் அதனால் வந்ததுதான். வடக்குப் பக்கம் மழைத்தண்ணீர் வடிகிற தகரக் குழாய் அடைத்துக்கொண்டு எத்தனையோ மழைக்காலமாகச் சுவரிலேயே வழிகிறது, அதை ஒரு ஆளை ஏற்றி எடுத்துவிடக்கூட யாரும் இல்லை. கவனிக்காமல் விட்டதால் வந்த கேட்டை வயதின் மேல் போட்டு இடிப்பது நியாயமா, சாமி?

சென்னை சாந்தோம் பேராலயம் இன்று நிற்கிற கட்டிடம் 1896-இல் எழும்பியது. பழுது பார்த்துப் பார்த்துத்தான் இன்றைக்கும் அதில் பூசை நடக்கிறது. அது பெரிய இடம், பணம் இருக்கிறது, நம்மால் முடியுமா என்று கேட்பீர்கள். நம் கோயில் அதில் ஒரு மூலை அளவுதான். செலவும் அதற்குத் தக்கதாகத்தான் இருக்கும். யாராவது கணக்குப் போட்டுப் பார்த்தீர்களா என்பதுதான் என் கேள்வி.

தந்தை அவர்களே, நீங்கள் நம் பங்குக்கு வந்து அதிக காலம் ஆகவில்லை. இன்னும் கொஞ்ச காலத்தில் மாற்றலாகிப் போவீர்கள், குருக்களின் வாழ்க்கை அப்படி, அதில் உங்கள் தவறு எதுவும் இல்லை. ஆனால் பேரவையில் இருக்கிற அண்ணன்மார்களே, உங்களில் பாதிப் பேர் என்னோடு அதே சிமென்ட் திண்ணையில் உட்கார்ந்து உபதேசியாரிடம் மந்திரம் படித்தவர்கள். இந்தக் கோயிலைக் கட்டியது யார் என்று உங்கள் வீட்டிலும் சொல்லியிருப்பார்கள். வெளிநாட்டுக் குருக்கள் வந்து கட்டினார்கள் என்று பலகையில் எழுதுகிறோம். அவர்கள் திட்டம் போட்டார்கள், கொஞ்சம் பணமும் கொண்டுவந்தார்கள், உண்மைதான். ஆனால் ஆற்று மணலைக் கூடையில் தலைச்சுமையாகக் கொண்டுவந்து கொட்டியது யார்? ஞாயிறு பூசைக்கு வரும்போது ஆளுக்கு ஒரு கல் எடுத்து வர வேண்டும் என்று ஒரு வழக்கமே இருந்ததாகப் பாட்டி சொல்வார். சும்மாடு கட்டிய பெண்களும் கூலிக்குப் போன ஆண்களும் கட்டிய கோயில் இது. அவர்களில் ஒருவர் பெயரும் எந்தக் கல்லிலும் இல்லை. கோயில்தான் அவர்கள் விட்டுப்போன ஒரே அடையாளம்.

எங்கள் வீட்டுக் கதைப்படி, தாது வருஷப் பஞ்சத்தில், அதாவது 1876-78 பஞ்சத்தில், அப்பன் ஆத்தாளை இழந்து மிஷன் கஞ்சியில் பிழைத்த பிள்ளை ஒன்றின் வம்சம் நாங்கள். அன்றைக்கு இதெல்லாம் சேலம் ஜில்லா. 1930-இல் ஓர் ஆயரின் கீழ் சேலம் மறைமாவட்டம் வந்தது, 1965-இல் தர்மபுரி தனி மாவட்டமானது, 1997-இல் தர்மபுரி மறைமாவட்டம் பிரிந்தது, 2004-இல் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகி எலத்தகிரியிலும் மத்திகிரியிலும் இருக்கிற எங்கள் சொந்தக்காரர்கள் வேறு மாவட்டத்துக்காரர்கள் ஆனார்கள். (மறைமாவட்டம் மட்டும் இன்னும் ஒன்றுதான், அதனால் கல்யாணத்துக்கு ஓலை வாங்க அலைய வேண்டியதில்லை.) மேலே எல்லைகள் இப்படி மாறிக்கொண்டே இருந்தபோது, கீழே மாறாமல் இருந்தது கோயிலும் கோயில் ஏடுகளும்தான்.

அந்த ஏடுகளைப் பற்றியும் கேட்கிறேன். ஞானஸ்நான ஏடு, திருமண ஏடு, மரண ஏடு மூன்றும் சாமியார் பூசைக்கு உடுத்தும் சக்ரீஸ்து அறையில் பழைய மர பீரோவில் இருந்தன. பிறப்பு இறப்புப் பதிவுச் சட்டம் 1969-இல் வந்தது. அதற்கு முன்பு வீட்டில் பிறந்தவர்கள் பலருக்கு வயதைக் காட்ட ஞானஸ்நான ஏட்டு நகலைத் தவிர வேறு எதுவும் கிடையாது. முதியோர் பென்ஷனுக்கும் மற்றதுக்கும் எத்தனையோ பேர் அந்த நகலை வாங்கிக்கொண்டு தாலுகா ஆபீசுக்குப் போனார்கள். நான் கடைசியாகப் பார்த்தபோது மரண ஏட்டின் அட்டையைக் கரையான் தின்றிருந்தது, லத்தீனில் எழுதிய முதல் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருந்தன. இப்போது அந்த பீரோவும் "மரச்சாமான்கள்" கணக்கில் வருகிறதா? பழைய ஏடுகளையும் கவனமாகப் பாதுகாக்க வேண்டும் என்று திருச்சபைச் சட்டத் தொகுப்பின் 535-ஆம் சட்டம் சொல்கிறது. எனக்குத் தெரிந்து அதற்காக ஒரு ரூபாய்கூட நம் பங்கில் செலவானதில்லை.

மணிக் கோபுரமும் போகும் என்றீர்கள், புதுக்கோயிலில் ஸ்பீக்கர் இருக்கும் என்றீர்கள். காலை, மதியம், மாலை என்று திரிகால செப மணியை கோயில்பிள்ளை அடிப்பார். கழனியில் வேலை செய்கிறவர்களுக்குக் கடிகாரம் அதுதான். கிறிஸ்தவர்களுக்கு மட்டுமா? மேட்டுத் தெருக்காரர்கள் களை எடுப்பதை நிறுத்திச் சோற்று வாளியைத் திறப்பதும் அந்த மணிக்குத்தான். துக்க மணி விட்டு விட்டு அடிக்கும். அந்த ஓசை கேட்டால் ரோட்டில் போகிறவர்கள் நின்று யார் வீட்டுச் சாவு என்று விசாரிப்பார்கள், பஸ் ஸ்டாண்டு பக்கத்துப் பாய் கடையில் சாவு ஊர்வலம் தாண்டும் வரை கதவைப் பாதி சாத்தி வைப்பார்கள். பெரிய வியாழன் பூசையில் 'உன்னதங்களிலே' பாடும்போது அடித்து நிறுத்துகிற மணி, ஈஸ்டர் ராத்திரி அதே பாட்டுக்குத்தான் மறுபடி ஒலிக்கும், இடையில் பையன்கள் மரக்கட்டையைத் தட்டிக்கொண்டு தெருத்தெருவாகப் போய் ஜனங்களைக் கூப்பிடுவார்கள். பெரிய வெள்ளி ராத்திரி வியாகுலப் பிரசங்கத்துக்கு, சிலுவையிலிருந்து இறக்கிய ஆண்டவர் சுரூபத்தை நடுவில் வைத்து, பாட்டிகள் ஒப்பாரி வைத்து அழுத அழுகையை இந்தச் சுவர்களுக்குள் கேட்டவர்கள் யாரும் மறக்க மாட்டார்கள். அந்தச் சுரூபம் இப்போது எங்கே வைக்கப்பட்டிருக்கிறது என்று யாராவது சொல்லுங்கள். போன வருஷம் கை உடைந்து பள்ளி ஸ்டோர் ரூமில் பெஞ்சுகளுக்கு அடியில் பார்த்தேன்.

பழையது எல்லாம் நல்லது என்று கண்ணீர் விடுகிறேன் என நினைக்க வேண்டாம். பாட்டி காலத்தில் தெருவுக்கு ஒரு பக்கம் என்று பிரித்து உட்கார வைத்ததும் இதே கோயிலில்தான். நன்மை, அதாவது நற்கருணை, வாங்கப் போகும்போது யார் முதலில் என்று சண்டை வந்ததும் இங்கேதான். அப்புறம் ஒரு ஞாயிறு எங்கள் தெருப் பெண்கள் எழுந்து போய் நடுவில் உட்கார்ந்தார்கள், சிலர் வெளியே போனார்கள், பூசை நிற்கவில்லை, வெளியே போனவர்கள் கொஞ்ச நாளில் திரும்பி வந்தார்கள். என் அம்மா அந்தப் பெண்களில் ஒருவர். எந்தத் தூணுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார் என்று எனக்குக் காட்டியிருக்கிறார், நான் என் பிள்ளைகளுக்குக் காட்டியிருக்கிறேன். எங்களுக்கு இந்தக் கட்டிடம் வெறும் செண்டிமெண்ட் இல்லை. இங்கே ஒரு உரிமை வாங்கப்பட்டது. அதைக் காட்ட அந்தத் தூண் வேண்டும்.

கிணற்றையும் சொல்ல வேண்டும். நம் மாவட்டத்து நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம் என்பது எல்லோருக்கும் தெரியும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வருவதற்கு முன்பு என் வகுப்பில் பாதிப் பிள்ளைகளின் பல்லில் பழுப்புக் கறை இருக்கும், முழங்கால் வலியில்லாத பெரியவர்களைப் பார்ப்பது அரிது. போர்வெல் தண்ணீர் வாயில் வைக்க முடியாத கோடையில், சுற்றியிருக்கிற தெருக்கள் அத்தனையும் குடிக்க எடுத்தது கோயில் கிணற்றுத் தண்ணீரை. எந்தச் சாமியாரும் யாரையும் எந்த மதம், எந்தத் தெரு என்று கேட்டதில்லை, காம்பவுண்ட் கேட் விடியற்காலையிலேயே திறந்திருக்கும். அந்த நன்றியில்தான் முதல் தக்காளிக் கூடையை, முதல் மாங்காயை, மாரியம்மன் கோயிலுக்குக் கொடுத்த கையோடு மாதா கெபிக்கும் கொண்டுவந்து வைக்கிற வீடுகள் இன்றும் இருக்கின்றன. தேர் வரும்போது தண்ணீர் தெளித்துக் கோலம் போட்டு வைக்கிறார்கள். உங்கள் பிளானில் அந்தக் கிணறு இருக்கும் இடத்தில் கார் நிறுத்துமிடம் போட்டிருக்கிறது. கிணற்றை மூடுவதென்றால் அந்தத் தெருக்காரர்களையும் ஒரு வார்த்தை கேட்க வேண்டாமா?

இப்போது பணத்துக்கு வருகிறேன், இதைச் சொல்லாமல் விட முடியாது. ஓடு மாற்ற என்று சொல்லி அன்பியம் அன்பியமாக, அதாவது பங்கின் சிறு குழுக்கள் வாரியாக, வசூல் செய்தீர்கள். ரசீதிலும் "கோயில் கூரை பழுது நிதி" என்றுதான் அச்சடித்திருக்கிறது, என்னிடம் இருக்கிறது. களையெடுக்கும் கூலியிலிருந்து கொடுத்தவர்கள் உண்டு. ஓசூரிலும் பெங்களூரிலும் திருப்பூரிலும் கம்பெனி வேலைக்குப் போன பிள்ளைகள் போனிலேயே அனுப்பினார்கள். ஓடு மாறவில்லை, கணக்கும் வாசிக்கப்படவில்லை, இப்போது அந்தத் தொகையைப் புதுக்கட்டிட நிதியில் சேர்த்தாயிற்று என்று கேள்விப்படுகிறேன். யாரும் எடுத்துக்கொண்டார்கள் என்று நான் சொல்லவில்லை, அப்படி நான் நினைக்கவும் இல்லை. ஆனால் விசுவாசிகள் ஒரு குறிப்பிட்ட நோக்கத்துக்குக் கொடுத்த காணிக்கையை அந்த நோக்கத்துக்கு மட்டுமே பயன்படுத்த வேண்டும் என்கிறது 1267-ஆம் சட்டம். கொடுத்த காணிக்கைக்கு விசுவாசிகளிடம் கணக்குக் காட்ட வேண்டும் என்கிறது 1287-ஆம் சட்டம். ஒவ்வொரு பங்கிலும் நிதிக்குழு இருந்தே ஆக வேண்டும் என்கிறது 537. நம் பங்கின் நிதிக்குழுவில் யார் இருக்கிறார்கள்? நான் விசாரித்த வரையில் யாருக்கும் தெரியவில்லை.

சுரூபங்கள் விஷயத்திலும் அப்படித்தான். பழமையாலோ கலையாலோ மக்கள் பக்தியாலோ மதிப்புள்ள சுரூபத்தைச் சீரமைக்கக்கூட எழுத்து மூலமான அனுமதி வேண்டும், அந்த அனுமதியைக் கொடுக்கும் முன் விஷயம் தெரிந்தவர்களைக் கலந்தாலோசிக்க வேண்டும் என்கிறது 1189-ஆம் சட்டம். விலைமதிப்புள்ள புனிதப் பொருட்கள் கைமாறிப் போகவோ அழியவோ விடாதபடி ஆயர்கள் விழிப்பாக இருக்க வேண்டும் என்று இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1963-இல் வழிபாட்டைப் பற்றிய ஏட்டிலேயே சொல்லியிருக்கிறது. லத்தீன் போய்த் தமிழில் பூசை வந்ததற்கு வழி திறந்த அதே ஏடுதான் இதையும் சொல்கிறது. பழைய பொருள் வாங்குகிறவர்கள் ஏற்கெனவே வந்து பீடத்து மரவேலைப்பாட்டைப் போட்டோ எடுத்துக்கொண்டு போனதாகச் சொல்கிறார்கள். உண்மையா?

இப்படிக் கேட்பது சாமியார்களை எதிர்ப்பது என்று சிலர் எனக்குச் சொல்லி அனுப்பினார்கள். திருச்சபையின் நன்மை சார்ந்த காரியத்தில் தங்கள் கருத்தை மேய்ப்பர்களுக்குத் தெரிவிப்பது விசுவாசிகளின் உரிமை, சில சமயம் கடமையும்கூட என்று 212-ஆம் சட்டம் சொல்கிறது. மரியாதையோடு சொல்ல வேண்டும் என்றும் சொல்கிறது. அந்த மரியாதையோடுதான் எழுதுகிறேன்.

நான் கேட்பது இவ்வளவு. முதலில், இடிக்கும் வேலையை நிறுத்தி வையுங்கள், அதை வரும் ஞாயிறு பூசையிலேயே அறிவியுங்கள். சுண்ணாம்புக் கட்டிடம் தெரிந்த, கான்ட்ராக்டரோடு சம்பந்தமில்லாத ஒரு கட்டமைப்பு எஞ்சினியரைக் கொண்டு கோயிலைச் சோதித்து, அவர் அறிக்கையை அப்படியே கோயில் வாசல் அறிவிப்புப் பலகையில் ஒட்டுங்கள். பழுது பார்க்கவே முடியாது என்று அவர் எழுதிக் கொடுத்தால் நானே முதலில் ஏற்றுக்கொள்கிறேன். அந்த அறிக்கையை வைத்துக்கொண்டு பங்கு மக்கள் எல்லோரையும் கூட்டிப் பேசுங்கள், வார நாளில் சாயந்திரம் வேண்டாம், வெளியூரில் வேலை செய்கிறவர்கள் வருகிற மாதிரி ஒரு ஞாயிறு பூசைக்குப் பிறகு வையுங்கள், அதில் பெண்களும் பேச இடம் கொடுங்கள். பின்பக்க நிலத்தில் புதுக்கோயில் கட்ட ஒரு மாற்றுப் பிளான் போட்டு அதையும் அந்தக் கூட்டத்தில் காட்டுங்கள்.

கூரை நிதியின் வரவு செலவை எழுத்தில் வெளியிடுங்கள், மிச்சத்தைக் கூரைக்கே செலவழியுங்கள். வடக்குப் பக்கத் தகரக் குழாயை இந்த மழைக்கு முன்னால் சரி செய்யுங்கள், அதற்கு எந்தக் கூட்டமும் வேண்டியதில்லை. பீடம், மணி, சுரூபங்கள், பாத்திரங்கள் எல்லாவற்றுக்கும் போட்டோவோடு பட்டியல் எடுத்து ஒரு பிரதியை மறைமாவட்ட அலுவலகத்தில் கொடுத்து வையுங்கள், அதுவரை ஒரு மெழுகுவர்த்தித் தண்டுகூட காம்பவுண்டை விட்டுப் போகக்கூடாது. மூன்று ஏடுகளையும் இரும்பு பீரோவுக்கு மாற்றி, பக்கம் பக்கமாக ஸ்கேன் செய்யுங்கள். அந்த வேலையைச் செய்ய நானும் என்னிடம் படித்த சில பிள்ளைகளும் சம்பளம் இல்லாமல் வருகிறோம். கிணற்றைத் தூர்வாரி, தண்ணீரைச் சோதனைக்கு அனுப்பி, மேலே வலை போட்டு வையுங்கள், மூட வேண்டாம்.

இதற்கெல்லாம் திருவிழாக் கொடியேற்றத்துக்கு முன்பாக எழுத்தில் பதில் எதிர்பார்க்கிறேன். வராவிட்டால், இதே கடிதத்தைப் பங்கு மக்களின் கையெழுத்தோடு ஆயர் இல்லத்துக்குக் கொண்டுபோவோம்.

இப்படிக்கு,
இந்தக் கோயிலில் ஞானஸ்நானம் வாங்கிய, ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர்